பாகீரதி அக்கா டைப் அடிக்காத கடிதம்

பொள்ளாச்சியில் கண் டாக்டரைப் பார்ப்பதற்காகக் கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறி உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. பாகீரதி அக்காவின் தங்கை மகன். "மாமா, பெரியம்மா காலம்பற போயிட்டா. தூக்கத்துலயே போயிட்டா" என்றான். கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் இறங்கி, சாலையைக் கடந்து, பாலக்காடு போகிற பஸ்ஸுக்காக நின்றேன்.

கல்பாத்தியில் மத்தியானமே எடுத்துவிடுவதாக இருந்தார்கள். ஆனால் சூரியநெல்லியிலிருந்து யாரோ போன் செய்து, ஜீப்பில் கிளம்பிவிட்டோம், நாங்கள் வந்து சேருகிறவரை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்களாம். யார் என்று வீட்டில் எவருக்கும் சரியாகத் தெரியவில்லை. இருந்தும் காத்திருந்தார்கள். மறையூர் வழியாக உடுமலைப்பேட்டை இறங்கி, சாயங்காலம் நாலு மணி வாக்கில் அந்த ஜீப் தெருவுக்குள் வந்தது. பத்துப் பதினோரு பேர் இறங்கினார்கள். பெண்கள் நேராக உள்ளே போய் அக்காவின் காலடியில் உட்கார்ந்துகொண்டார்கள். அக்காவின் தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மயில்சாமி, இவாள்ளாம் யாரு? அக்காவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

ஆற்றங்கரைக்குக் கிளம்புகிற அவசரம். அந்தக் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன். அக்காவோடு வேலை பார்த்தவர்களில் மிச்சமிருக்கும் நாலைந்து பேருக்கு இது தெரிந்த கதைதான். கல்பாத்தியில் கோலம் போட்டுக்கொண்டும் கச்சேரிக்குப் போய்க்கொண்டும் இருந்த பாகீரதியை மட்டும் அறிந்தவர்களுக்குத் தெரியாது. ஒப்பாரியாக எழுதப்போவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவர் ஜெயித்த கதை இது.

எழுபதுகளின் தொடக்கத்தில் மூணாறு மலையில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். எந்த அலுவலகம் என்பது இங்கே அவசியமில்லை. அக்கா அங்கே டைப்பிஸ்ட். என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் ஒரு ஆண்பிள்ளை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டிருப்பார். மலைப்பாதையில் பஸ் ஏறினால் அவருக்கு வாந்தி வந்துவிடும். அந்தத் தடத்தில் ஓடிய டிரைவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். அவருக்கென்று முன்சீட்டை விட்டுவைப்பார்கள். மடித்த காகிதத்தில் உப்பு நார்த்தங்காய் வைத்திருப்பார். மூன்று வளைவுக்கு ஒரு துண்டு.

டைப் அடிப்பதில் பிழை என்பதே கிடையாது. ஓர் எழுத்து தவறினாலும் ரப்பரால் அழிக்க மாட்டார். தாளை உருவிவிட்டு முதலிலிருந்து அடிப்பார். ஒருமுறை ஒரு தோட்டத் தொழிலாளியின் பெயரை ஒரே கடிதத்தில் நான் இரண்டு விதமாக எழுதியிருந்தேன், மேலே முனியாண்டி, கீழே முனியண்டி. அக்கா கடிதத்தைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "ரெண்டுல எது அந்த மனுஷன்?" என்றார். "ஒரு காலுதானுங்க்கா விட்டுப்போச்சு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "ஒரு ஆளுக்கு ரெண்டு பேர் வச்சா, நாளைக்கு ரெண்டு பேரும் இல்லேன்னு சொல்லிடுவா" என்றார். எனக்கு அது அலுவலகக் கண்டிப்பாகத் தெரிந்தது. அதன் பொருள் விளங்க ஒரு வருஷம் ஆயிற்று.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நாலு தலைமுறையாக வேலை பார்த்த தமிழர்கள் எந்த நாட்டைச் சேர்ந்தவர்கள் என்று டெல்லியும் கொழும்பும் பேசி முடித்திருந்த காலம் அது. இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். இந்தியப் பிரஜை என்று முத்திரை விழுந்தவர்கள் சொன்ன கெடுவுக்குள் கப்பல் ஏற வேண்டும். தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்குவார்கள். மண்டபம் முகாமில் ஒரு குடும்ப அட்டையைக் கொடுத்து, இன்ன ஜில்லாவுக்குப் போ, இன்ன தொழில் செய் என்று அனுப்புவார்கள். பிறந்தது முதல் கொழுந்து பறித்தவர்கள், கண்ணால் பார்த்திராத ஊரில் பெட்டிக்கடை வைக்க வேண்டும். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, தேயிலை எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு, போடிமெட்டு ஏறி எங்கள் பக்கம் வந்துவிடுவார்கள்.

வந்தவர்களுக்குத் தோட்டத்தில் தற்காலிக வேலைதான் கிடைக்கும். நிரந்தரமாகப் பேர் பதிய வேண்டும், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஓர் அறை வேண்டும் என்றால் குடியிருப்புச் சான்று கேட்பார்கள். அதைக் கொடுக்க வேண்டியது எங்கள் அலுவலகம். அவர்கள் கையில் இருந்த அட்டையோ தமிழ்நாட்டு ஜில்லாவின் பேரில் இருக்கும். எங்களைப் பொறுத்தவரை அவர்கள் பக்கத்து மாநிலத்தின் தலைவலி. வந்த மனுக்களைத் திருப்பி அனுப்புவதற்கென்றே ஒரு வாசகம் வைத்திருந்தோம்.

அப்படி வந்த ஒரு மனு ராக்கம்மாவுடையது. சூரியநெல்லிப் பக்கம் ஒரு தோட்டத்தில் தற்காலிகமாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள். நாற்பது வயது இருக்கும். கோடு போட்ட நோட்டுத் தாளில் யாரோ எழுதிக்கொடுத்த தமிழ் மனு. இரண்டு விஷயம் கேட்டிருந்தாள். ஒன்று, குடியிருப்புச் சான்று. இன்னொன்று, இலங்கையில் அட்டன் பக்கம் விட்டுவிட்டு வந்த மகள் செல்வியை இங்கே வரவழைக்க வழி செய்ய வேண்டும் என்பது.

குடும்பம் முழுக்க இந்தியா என்று முடிவாகியிருந்தது. ஆனால் பாஸ்போர்ட் வந்தபோது அதில் செல்வி பேர் இல்லை. வயது வந்தவள், தனியாக மனுப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பெண்ணுக்குப் பதினேழுதான் ஆகிறது என்று தகப்பன் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறான். காகிதத்தில் பிறந்த வருஷத்தின் கடைசி இலக்கம் நான்கு என்று இருந்தது; அதன்படி பதினெட்டு தாண்டியிருந்தது. கப்பல் தேதி நெருங்கிவிட்டது. போகாவிட்டால் போலீஸ் பிடித்து ஏற்றும். பெண்ணைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டுப் புருஷனும் பெண்சாதியும் கப்பல் ஏறினார்கள். இங்கே வந்த ஆறாம் மாதம் புருஷன் இறந்துபோனான்.

நான் தமிழன். அந்த மனுவை வாசிக்க எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் எழுதினேன்: மனுதாரரின் குடும்ப அட்டை வேறு மாநிலத்தது, மகள் வயது வந்தவர், இரண்டு கோரிக்கைகளையும் பரிசீலிக்க இடமில்லை. சூப்ரண்ட் கேரளத்தின் தெற்குப் பக்கத்துக்காரர்; தமிழ் வாசிக்கத் தெரியாது. அவர் என் குறிப்பைப் பார்த்து "மதி, மதி" என்று கையெழுத்துப் போட்டார். இவ்வளவு போதும் என்று அர்த்தம். கடிதத்தை டைப் அடிக்க அக்காவிடம் அனுப்பினேன்.

அரைமணி நேரத்தில் அக்கா என் மேஜை முன்னால் நின்றார். கையில் என் குறிப்பும் ராக்கம்மாவின் மனுவும்.

"மயில்சாமி, இதை நீங்கதானே எழுதினேள்?"

"ஆமாங்க்கா. ஏனுங்க, எழுத்துப் புரியலீங்களா?"

"எழுத்து நன்னாப் புரியறது. நான் இதை அடிக்கப்போறதில்லை."

"சூப்ரண்ட் சார் கையெழுத்துப் போட்டுட்டாருங்க."

"அவர் போடட்டும். அவருக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இந்த மனுஷி என்ன எழுதியிருக்கான்னு அவருக்கு வாசிச்சுச் சொன்னேளா?"

நான் மேஜையிலிருந்த வேறொரு பைலைப் புரட்டினேன்.

"பதினேழுன்னு பெத்தவ சொல்றா. பதினெட்டுன்னு காகிதம் சொல்றது. யாராவது ஒருத்தர் சரி பாக்க வேண்டாமா? எந்தக் கை அடிச்சதோ, நாலும் அஞ்சும் மெஷின்ல பக்கத்துப் பக்கத்துல இருக்கு. எனக்கே விரல் நழுவும். நான் தாளை மாத்திடுவேன். அவா மாத்தலை. அவ்வளவுதான் நடந்திருக்கும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு டைப்பிஸ்ட் என் குறிப்பைத் திருத்துவதா என்று. "சட்டம்னு ஒண்ணு இருக்குதுங்களே" என்றேன். "இருக்கு. அதை இன்னும் நீங்க எடுத்துப் பாக்கலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அவருக்கு மெமோ வந்தது. மேலதிகாரி ஒப்பமிட்ட கடிதத்தை டைப் செய்ய மறுத்தது ஏன் என்று இருபத்து நாலு மணி நேரத்துக்குள் விளக்கம் கொடுக்க வேண்டும். சம்பளத்தை நம்பி இரண்டு தங்கைகள் கல்பாத்தியில் இருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அக்கா விளக்கத்தைத் தானே டைப் அடித்தார். அரைப் பக்கம். மனு தமிழில் இருக்கிறது. அதில் உள்ள விவரம் கையெழுத்திட்ட அதிகாரிக்குத் தெரிவிக்கப்படவில்லை. தெரிவித்த பிறகும் இதே உத்தரவு வந்தால் உடனே டைப் செய்து தருகிறேன் என்று எழுதி, மனுவின் மலையாள மொழிபெயர்ப்பை இணைத்திருந்தார். ஒரு வரி விடாமல், ஒரு வரி கூட்டாமல் செய்த மொழிபெயர்ப்பு.

சூப்ரண்ட் ஒன்றை மறந்துவிட்டார். மெமோவுக்கு வந்த விளக்கம் விதிப்படி அவருக்கு மேலே இருந்த அதிகாரிக்குப் போயாக வேண்டும். இணைப்பும் கூடவே போகும். நாங்கள் திருப்பி அனுப்ப இருந்த மனு இப்படி எங்கள் கைகளாலேயே மேலே போய்ச் சேர்ந்தது. அக்கா இதைத் திட்டம் போட்டுச் செய்தாரா என்று பிற்காலத்தில் கேட்டேன். "பின்னே என்ன, தற்செயலாவா?" என்றார்.

மேலதிகாரி இளைஞர், வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. நேரில் விசாரிக்கிறேன் என்று தேதி குறித்தார். ஜீப்பில் சூரியநெல்லிக்குப் போனோம். அதிகாரி, சூப்ரண்ட், பைலோடு நான், மொழிபெயர்ப்புக்கு அக்கா. வழியில் மூன்று தடவை ஜீப்பை நிறுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அக்கா இறங்கி, வாந்தி எடுத்து, வாயைக் கொப்பளித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறுவார். தோட்டத்தில் இறங்கியபோது முகம் வெளுத்திருந்தது. ஆனால் நிமிர்ந்து நின்றார்.

கொழுந்து எடை போடுகிற கொட்டகையில் விசாரணை. ராக்கம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றாள். சுற்றிலும் தொழிலாளிகள் வேலையை நிறுத்தாமலே கவனித்துக்கொண்டிருந்தார்கள், அவளைப் போலக் கடல் தாண்டி வந்தவர்கள் பலர். அதிகாரி மலையாளத்தில் கேட்டார், அக்கா தமிழில் கேட்டார்.

"உனக்குத் தமிழ்நாட்டில் இடம் ஒதுக்கியிருக்கிறதே. அதை விட்டு ஏன் இங்கே வந்தாய்?"

"அங்கன கடை வைக்கச் சொன்னாங்கய்யா. எனக்குத் தராசு புடிக்கத் தெரியாது. வீட்டுக்காரரும் போய்ச் சேந்துட்டாரு. நமக்குத் தெரிஞ்சது கொழுந்து மட்டுந்தான். கொழுந்து எங்கன இருக்குன்னு கேட்டேன். மலைக்கு மேலன்னாங்க. ஏறி வந்துட்டேன்."

"நீ எந்த நாட்டைச் சேர்ந்தவள்?"

ராக்கம்மா கொஞ்சம் யோசித்தாள். "அங்க இருக்கையில இந்தியாக்காரின்னாங்க. இங்க வந்தா சிலோன்காரிங்கிறாங்க. அய்யா பாத்து ஏதாச்சும் ஒண்ண முடிவு பண்ணுங்க. எதுன்னாலும் சரி, எம்புள்ளய எங்கிட்ட சேத்துருங்க."

அக்கா அதை அப்படியே மலையாளத்தில் சொன்னார். குரல் நடுங்கவில்லை. நான் சொல்லியிருந்தால் நடுங்கியிருக்கும்.

சூப்ரண்ட் குறுக்கே வந்தார். இவளுக்குக் கொடுத்தால் நாளைக்குப் போடிமெட்டு வழியாக ஊரே ஏறி வரும், நம்மால் தாங்க முடியாது என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் பயந்தார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

அதிகாரி எதிர்பாராத விதமாக அக்காவின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டார். மெமோ வாங்கிய டைப்பிஸ்டிடம் அப்படி ஒருவர் கேட்பார் என்று யாரும் நினைக்கவில்லை.

அக்கா மலையாளத்தில் சொன்னதை என் நினைவிலிருந்து தமிழில் தருகிறேன். "கேட்டதால் சொல்கிறேன் சார். இந்தியா என்று பாஸ்போர்ட் கொடுத்திருக்கிறோம். அதில் ஜில்லா எழுதவில்லை. ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் பேசி அழைத்துக்கொண்டு வந்த ஆட்களை, வந்த பிறகு ஒரு மலை ஏறக்கூடாது என்று எப்படிச் சொல்வது? எங்கள் முன்னோர்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பாலக்காட்டுக்கு வந்தவர்கள். எந்தச் சர்க்கார் கச்சேரியில் சான்று வாங்கினார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வந்தார்கள், இருந்தார்கள். இன்றைக்கு நான் கேரள அரசாங்கத்துச் சம்பளம் வாங்குகிறேன்."

அதிகாரி சிரித்துவிட்டார். அவர் ராக்கம்மாவின் கைகளைப் பார்த்தார். விரல் நுனிகள் கொழுந்துக் கறையில் கறுத்திருந்தன. "இவள் இங்கே குடியிருக்கிறாள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?" என்று சொல்லி, என்னிடம் பேனாவை வாங்கி, எடைத்தராசுப் பலகையிலேயே தாளை வைத்து உத்தரவை எழுதினார். கூடவே, மகளின் விஷயத்தில் எங்கள் அலுவலகம் கண்டியில் உள்ள நம் தூதரகத்துக்கு எழுதலாம் என்றும் சேர்த்தார். கொட்டகையில் யாரும் கத்தவில்லை, கைதட்டவில்லை. ஒரு பெண் வந்து அக்காவிடம் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். அக்கா முழுவதையும் குடித்தார். திரும்பும்போது ஜீப் ஒரு தடவைகூட நிற்கவில்லை. "இறக்கத்துல எனக்கு ஒண்ணும் பண்ணாது" என்றார். போனதும் வந்ததும் ஏற்றமும் இறக்கமும் கலந்த ஒரே பாதைதான்.

ராக்கம்மாவுக்குப் பேர் பதிந்தார்கள். லயத்தில் அறை கிடைத்தது. பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குக் கடலைத் தாண்ட வேண்டியிருந்தது.

அந்த வருஷங்களில் இலங்கைத் தோட்டங்களில் மாவுக்கே பஞ்சம். செல்வி எழுதிய கடிதங்களை ராக்கம்மா அலுவலகத்துக்குக் கொண்டுவருவாள். அக்கா வாசித்துக் காட்டுவார். பசியைப் பற்றி அந்தப் பெண் நேராக எழுத மாட்டாள். "சித்தி வீட்டில் எல்லோரும் ஒரு நேரம் சாப்பிடுகிறோம், நானும்தான், ஆகையால் கவலைப்பட வேண்டாம்" என்று எழுதுவாள். அந்த வரியை வாசித்த அன்று அக்கா மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை.

கண்டிக்கு எழுதினோம். பிறப்புப் பதிவின் நகல் வேண்டும் என்று பதில் வந்தது. செல்வியே அங்குள்ள அரசாங்கக் கச்சேரிக்கு அலைந்து நகலை வாங்கித் தபாலில் அனுப்பினாள். உறையைப் பிரித்தால் முழுக்கச் சிங்களம். அலுவலகத்தில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். ஜிலேபி பிழிந்ததுபோல் எழுத்து. ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு விரலை வைத்தார்.

"எழுத்துதான் சிங்களம். நம்பர் நம்ம நம்பர்தான். பாருங்கோ."

விரலுக்கு அடியில் பிறந்த வருஷத்தின் கடைசி இலக்கம். ஐந்து. தெளிவான, வயிறு பெருத்த ஐந்து. பாஸ்போர்ட் சமயத்துக் காகிதத்தில் அதே இடத்தில் நான்கு இருந்தது. அந்த நிமிஷம் நான் செய்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது: சூப்ரண்டிடம் ஓடினேன். அவர் எழுந்து வந்து இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் பேனாவை எடுத்து, இதை உடனே அனுப்பு என்று பைலில் அவரே எழுதினார். அதற்குப் பிறகு ராக்கம்மா விஷயத்தில் அவர் ஒரு தடவைகூடக் குறுக்கே நிற்கவில்லை.

தோட்டத்துத் தொழிற்சாலையில் சிங்களம் படித்த ஒருவர் இருந்தார். அவரை வைத்து மொழிபெயர்த்து, அதிகாரியிடம் ஒப்பம் வாங்கி அனுப்பினோம். கப்பல் ஏறிய தேதியில் இந்தப் பெண் மைனர், தகப்பன் பாஸ்போர்ட்டில் சேர்ந்திருக்க வேண்டியவள் என்பது வாதம். பதில் வரவில்லை. அக்கா ஒவ்வொரு மாதமும் முதல் தேதி ஒரு நினைவூட்டல் அடிப்பார். மேலே எண் போடுவார்: முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல். ஆறாவதில் நான் சலித்துப் போனேன். "இதெல்லாம் அங்க யாருங்க வாசிக்கிறாங்க?" என்றேன். "நம்மளை மாதிரி ஒரு குமாஸ்தா வாசிப்பான். அவனுக்கு நம்ம பேர் மனப்பாடம் ஆறவரைக்கும் எழுதணும்" என்றார். ஒன்பதாவதற்குப் பதில் வந்தது. பிழை திருத்தப்பட்டது, செல்விக்குப் பாஸ்போர்ட் கொடுக்கப்படுகிறது, இன்ன வாரம் கப்பல்.

அக்கா அந்தக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். பிறகு லீவு விண்ணப்பத் தாளில் இரண்டு எடுத்து, ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"எனக்கெதுக்குங்க?"

"ராமேஸ்வரத்துக்கு நீங்களும் வரேள். முடியாதுன்னு எழுதினது உங்க கை. அந்தப் பொண்ணு இறங்கறதை நீங்க பாக்க வேண்டாமா?"

போனேன். பங்குனி வெயில். ராக்கம்மாவும் அக்காவும் நானும் சுங்கக் கொட்டகைக்கு வெளியே மணலில் நின்றோம். பிற்பகலில் கப்பல் வந்தது. தகரப்பெட்டிகள், பாத்திர மூட்டைகள், கைக்குழந்தைகள், சுருட்டிய பாய்கள். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ராக்கம்மா ஒவ்வொரு இளம்பெண்ணையும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினாள். அவள் மனசில் இருந்தது மூன்று வருஷத்துக்கு முந்திய பெண். கடைசியில் உயரமாக ஒருத்தி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எங்களைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தாள். ராக்கம்மாவின் எதிரே நின்றாள். குனிந்து காலைப் பார்த்தாள்.

"ஏம்மா வெறுங்கால்ல நிக்கிற? மணலு சுடுதுல்ல" என்றாள்.

அதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை. ராக்கம்மா அவளைப் பிடித்துக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா அழவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. பரீட்சையில் முதலாவதாக வந்த பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி, பல் தெரிய, இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றார்.

முகாமில் செல்விக்கும் ஏதோ ஒரு ஜில்லாவுக்கு அட்டை எழுதப் பார்த்தார்கள். அக்கா பையிலிருந்து ராக்கம்மாவின் குடியிருப்புச் சான்றை எடுத்து வைத்தார். "இவ போற எடம் இங்க எழுதியிருக்கு. அம்மா இருக்கற எடம்" என்றார். எழுதிக்கொடுத்தார்கள். போடியில் ஏறி மேலே போனோம். அக்காவுக்கு வழக்கம்போல வாந்தி. இந்தத் தடவை அவர் தலையைப் பிடித்துக்கொண்டது செல்வி.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராக்கம்மாவுக்கு எழுதிய உத்தரவை முன்மாதிரியாக வைத்து மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். கொடுக்க வேண்டி வந்தது. தமிழ் மனுக்களை மொழிபெயர்க்காமல் திருப்பக்கூடாது என்று மேலிருந்து வாய்மொழி உத்தரவு வந்தது. எல்லாமே ஜெயமாக முடிந்தது என்றும் சொல்ல மாட்டேன். பெரியசாமி என்ற கிழவருக்குத் தம்பியை வரவழைக்க எழுதிக்கொண்டிருந்தோம். அனுமதி வந்த வாரத்தில் தம்பி அங்கே இறந்துபோன சேதியும் வந்தது. அந்த பைலை அக்கா கட்டி வைக்கவே விடவில்லை. பல மாதம் அவர் மேஜையிலேயே கிடந்தது.

அக்கா வாங்கிய மெமோவை சர்வீஸ் புத்தகத்திலிருந்து எடுத்துவிட அந்த இளம் அதிகாரி மாற்றலாகிப் போகும்போது முன்வந்தார். அக்கா வேண்டாம் என்றார். "இருக்கட்டும் சார். நான் வாங்கின ஒரே மெடல் அது" என்றார். பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனது. அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

அக்காவின் தங்கை கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். அன்றைக்கு ஜீப்பில் வந்தவர்களில், நரைத்த தலையோடு அக்காவின் வலது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் செல்வி. மற்றவர்கள் அவள் பிள்ளைகளும், அந்த உத்தரவால் பேர் பதிந்த மற்றக் குடும்பத்துப் பிள்ளைகளும். அவர்களில் ஒருவர் தோட்டத்தில் பீல்டு ஆபீசர், ஒருத்தி நர்ஸ், ஒருவர் சின்னக்கானலில் தங்கும் விடுதி நடத்துகிறார். யாரிடமும் இப்போது எந்த ஊர், எந்த நாடு என்று கேட்பவர் இல்லை. அக்காவுக்கு அவர்கள் என்ன வேண்டும் என்றால், உறவு முறையில் சொல்லப் பேர் இல்லை. அவர் சரியாக டைப் அடித்த பெயர்கள் அவர்கள்.

நான் எலப்புள்ளியில் ஓய்வு பெற்று அங்கேயே இருக்கிறேன். போன ஜூன் மாதம், அங்கே ஒரு தொழிற்சாலையில் காவலுக்கு இருக்கும் நேபாளத்துக்காரர் ஒருவர் பெண் குழந்தையைப் பள்ளியில் சேர்க்க அலைந்துகொண்டிருப்பதாகத் தெரிந்தது. அவர் நாட்டிலிருந்து நம் நாட்டுக்கு வர பாஸ்போர்ட்டும் வேண்டியதில்லை, விசாவும் வேண்டியதில்லை. குழந்தை ஒன்றாம் வகுப்புக்குள் போகத்தான் காகிதம் கேட்டார்கள். கூடப் போனேன். அலுவலக அறையில் ஓர் இளைஞர் விண்ணப்பத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, முடியாது என்று எழுதப் பேனாவைத் திறந்தார். நான் அவரை நிறுத்தி, "தம்பி, ஒரு நிமிசமுங்க. அதுல என்ன எழுதியிருக்குதுன்னு சத்தமா வாசிங்க. இந்தப் புள்ளை மொகத்தைப் பாத்துட்டு வாசிங்க" என்றேன். அவர் வாசித்தார். பாதியில் நிறுத்தி, "இவ்வளவுதானா? பிறப்புச் சான்று பின்னால் கொண்டுவரட்டும்" என்று பதிவேட்டை எடுத்தார். குழந்தை அன்றைக்கே வகுப்பில் போய் உட்கார்ந்தாள்.

கல்பாத்தியில் அக்காவின் பொருட்களில் ஏதாவது ஞாபகத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் எதுவும் எடுக்கவில்லை. முடியாது என்று எழுதுவதற்கு முன்னால் அந்த மனுஷனை ஒருமுறை ஏறிட்டுப் பார்க்கிற பழக்கம் அவரிடமிருந்து வந்தது. அது என்னிடம் இருக்கிறது.